படகுக்குள் கடலை ஊற்றுங்கள்

நகம் பதிந்தது. பதிந்திருக்கக் கூடாது.

பவளக்கொடி படகுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, எஞ்சின் மேடைக்குக் கீழே கையை விட்டு, கட்டைவிரல் நகத்தால் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். சோப்புக் கட்டியில் விழுவது போல ஒரு பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. சுத்தியலால் அடித்தாலும் கீறல் விழாது என்று அவளே ஊர் ஊராகப் போய்ச் சத்தியம் செய்து கொடுத்த பிளாஸ்டிக் அது.

"என்ன பாப்பா, மெத்துன்னு இருக்கா?" என்று மேலேயிருந்து வைரக்கண்ணு கேட்டார். படகு அவருடையது. மணற்குப்பத்து மீனவப் பஞ்சாயத்துக்கும் அவர்தான் தலைவர். "நானும் நாலஞ்சு நாளாப் பாக்குறேன், அந்த எடத்துல காலை வச்சா அமுங்குது. வீட்டுல சொன்னா, உமக்குத்தான் வயசாயி கால் ஆடுதுங்கிறா."

"கால் ஆடல மாமா. படகுதான் ஆடுது. இதுல இனிமே யாரும் ஏறக் கூடாது."

பவளக்கொடி எழுந்து உட்கார்ந்து முழங்கையில் ஒட்டிய செதிலைத் துடைத்துக்கொண்டாள். அவள் இதே ஊர்ப்பெண். வேதியியல் படித்துச் சென்னைக்குப் போய், ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் இருபது வருடமாக ஒரே வேலையைப் பிடிவாதமாகச் செய்துவந்தவள். கல்யாணத்தைக்கூட மறந்துவிட்டாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். மறக்கவில்லை, நேரம் இல்லை என்பாள் அவள். ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் உதவாத ஃபைபர் படகுகள்தான் அவளை அந்த வேலைக்குள் தள்ளியவை. அவற்றை உருக்க முடியாது, உடைத்து வேறொன்றாக்க முடியாது, எரித்தால் ஊரே இருமும். கரை முழுக்க எல்லா ஊரிலும் அப்படி ஒரு குவியல் உண்டு. உழைக்கும் வரை இரும்பாக உழைத்து, உழைத்து முடிந்ததும் பிரித்தெடுத்து மறுபடி புதுப் படகாக வார்க்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக்கை அவள் கண்டுபிடித்தாள். கம்பெனி அதற்குப் பெரிய பெயர் ஒன்று வைத்தது. ஊரார் வைத்த பெயர் 'கழட்டு ஃபைபர்'. நிலைத்தது ஊரார் வைத்ததுதான்.

"உன் கழட்டு ஃபைபரு தானாவே கழண்டுக்கும்னு நீ சொல்லவே இல்லியே" என்றார் வைரக்கண்ணு.

"தானா கழலாது மாமா. பழைய ஃபைபர்ல உள்ளுக்குள்ள இருக்கிற இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு செத்த முடிச்சாப் போட்டிருக்கும். அறுக்கலாமே தவிர அவுக்க முடியாது. நான் போட்டது சுருக்கு முடிச்சு. இழுத்தா இறுகும். அவுக்கணும்னா ரெண்டு சாவி வேணும். ஒண்ணு சூடு, ஒண்ணு புளிப்பு. வெறும் சூட்டுக்கு அசையாது, வெறும் புளிப்புக்கும் அசையாது. ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே எடத்துல இருந்தாத்தான் அவுரும். அதனாலதான் வெயில்ல போட்டாலும் ஒண்ணும் ஆவறதில்ல."

"எஞ்சின் சூடு இருக்கு, சரி. நடுக்கடல்ல புளிப்புக்கு எங்க போறது?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்திருக்கிறாள். டீசலில், மீன் ரத்தத்தில், சித்திரை வெயிலில் எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறாள். கடலுக்குப் புளிப்பை எடுத்துக்கொண்டு போகிறவன் யார் இருக்கிறான்? அப்போதுதான் மூக்கில் ஒரு வாடை ஏறியது. படகின் ஓரத்தில் ஒரு நீலக் கேன் கட்டியிருந்தது. அவள் மூடியைத் திறந்தாள்.

"காடி" என்றார் வைரக்கண்ணு, இது தெரியாதா என்கிற குரலில். "பழைய கஞ்சித் தண்ணி புளிச்சது. சொறிக்கு."

கடல் சூடேற ஏறச் சொறி என்கிற ஜெல்லிமீன் பெருகிவிட்டது. வலையை இழுத்தால் மீனைவிட அந்தக் கொழகொழத்த சொறிதான் அதிகம் வருகிறது. கை பட்ட இடமெல்லாம் தீயாக எரியும். ஊரார் தாங்களே ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வலை ஏறும்போதே அதன்மேல் காடியை மொண்டு ஊற்றுவது. ஊற்றிய காடி வழிந்து எங்கே போகும்? படகின் அடியில், எஞ்சினுக்குக் கீழே போய்த்தான் நிற்கும்.

"நான் படகு கொடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் கேட்டேனே மாமா. படகுல என்ன ரசாயனம் பயன்படுத்துறீங்கன்னு. ஒண்ணும் இல்லன்னீங்களே."

"ரசாயனமா? கஞ்சி பாப்பா இது! நீ குடிச்சு வளந்தது!"

அவளால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அச்சடித்த கேள்வியை அச்சடித்த தமிழில் கேட்டது அவள்தான். தன் வீட்டுக்குள் நின்று விருந்தாளி மாதிரி கேட்டால் விருந்தாளிக்குச் சொல்லும் பதில்தான் கிடைக்கும். தன்னை ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்கு நேரமில்லை. மத்தி மீன் வந்திருக்கிறது என்று விடியற்காலையிலேயே பாதி ஊர் கடலுக்குப் போக முண்டிக்கொண்டிருந்தது. வலை சிக்கெடுத்து முடிக்காததால் மற்றவர்கள் இன்னும் கரையில் நின்றார்கள். ஒரே ஒரு படகு மட்டும் முந்திக்கொண்டு போய்விட்டது.

அது அவளுடைய தம்பி மாசிலாமணியின் படகு. இந்த பிளாஸ்டிக்கில் வார்த்த முதல் படகும் அதுதான். ஊர் நம்ப வேண்டுமென்பதற்காக அவளே தம்பியின் தலையில் கட்டியது. எல்லாப் படகையும்விட அதிகமாக எஞ்சின் ஓடியதும் அதில்தான். கூட மூன்று பேர் போயிருந்தார்கள்.

"மாமா, ஒரு படகும் எறங்கக் கூடாது."

வைரக்கண்ணு மணலில் வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு மத்தி வந்திருக்கிறது. இந்த ஊரில் பஞ்சாயத்து தொழில் மறுப்புச் சொல்வது மூன்று காரியத்துக்குத்தான்: சாவு, திருவிழா, புயல். மறுப்புச் சொன்னால் ஒருவனும் கடலில் இறங்க மாட்டான். இறங்கினால் அவன் பிடித்த மீனை ஊரில் யாரும் ஏலம் எடுக்க மாட்டார்கள்.

"யாரு செத்தான்னு கேப்பானுவளே பாப்பா, என்ன சொல்றது?"

"யாரும் சாவலன்னு சொல்லுங்க. அப்படியே இருக்கட்டும்னுதான் மறுப்புன்னு சொல்லுங்க."

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் ஒலிபெருக்கியை நோக்கி நடந்தார். அவர் நடந்த வேகத்தைப் பார்த்தால் காலில் ஒரு ஆட்டமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பவளக்கொடி வயர்லெஸ் அறைக்கு ஓடினாள். மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை; ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி, கூரைமேல் உயரமான கம்பம். கரையிலிருந்து கடலுக்குப் பேச வேறு வழியில்லை, மாசிலாமணி போயிருக்கும் இடத்தில் கைபேசி எடுக்காது. அவள் உட்காரப் போகும்போது அவளுடைய கைபேசி அடித்தது. சென்னையிலிருந்து கோபிநாத். அவளுக்கு மேலதிகாரி. ஓடிவரும்போதே விஷயத்தை அவருக்குக் குரல் செய்தியாக அனுப்பியிருந்தாள்.

"பவளக்கொடி, கேட்டேன். நீங்க தம்பியைக் கூப்பிடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா வயர்லெஸ்ல காரணத்தைச் சொல்லாதீங்க. திரும்பி வான்னு மட்டும் சொல்லுங்க."

"திரும்பி வரணும்னா எஞ்சினைப் போடணும் சார். எஞ்சினைப் போட்டா அடி அவுந்துடும். நான் அவனை எஞ்சினை நிறுத்தச் சொல்லணும். படகுக்குள்ள தண்ணி ஊத்தச் சொல்லணும். காரணம் சொல்லாம எந்த மீன்காரன் தன் படகுல தண்ணி ஊத்துவான்?"

"அது பொது அலைவரிசை. கரை முழுக்க எல்லாப் படகும் கேக்கும்."

"கேக்கட்டும். எல்லாப் படகுலயும் நம்ம ஃபைபர்தானே?"

கோபிநாத் கெட்டவர் இல்லை. பத்து வருடமாக இந்த ஆய்வுக்குப் பணம் தேடி அலைந்தவர் அவர்தான். "நான் கம்பெனிக்காகச் சொல்லல. உங்களுக்காகவும் சொல்றேன். ஒரு தடவை 'கழட்டு ஃபைபர் கடல்ல கழண்டுடுச்சு'ன்னு பேர் வந்துட்டா முடிஞ்சுது. நாளைக்கே எல்லாரும் பழைய ஃபைபருக்குப் போயிடுவாங்க. இன்னும் நூறு வருஷத்துக்கு அந்தக் குப்பை கரையில கெடக்கும். மூணு வாரம் கொடுங்க. சோதிச்சுட்டு முறையா அறிவிப்போம்."

அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்குக் கசந்தது. இருபது வருடத்தை அவள் ஒரு மூச்சு விடும் நேரம் நினைத்துப் பார்த்தாள். பிறகு, "மூணு வாரம் என் தம்பிகிட்ட இல்ல சார்" என்று சொல்லிக் கைபேசியை அணைத்தாள்.

அறை வாசலில் மாசிலாமணியின் மனைவி பொன்னி வந்து நின்றிருந்தாள். ஒலிபெருக்கியில் மறுப்பு அறிவித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கடலில் இருப்பது அவள் புருஷனின் படகு மட்டும்தானே. அவளுக்குப் பின்னால் ஊர் கூடிக்கொண்டிருந்தது.

பவளக்கொடி ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினாள்.

"மாசிலா, மாசிலா. அக்கா பேசுறேன். கேக்குதா?"

கரகரவென்று இரைச்சல். பிறகு அவன் குரல், பின்னணியில் எஞ்சின் படபடக்க. "கேக்குதுக்கா! வலை நெறைய மத்தி! அண்டா எடுத்துவைக்கச் சொல்லு பொன்னிகிட்ட!"

"எஞ்சினை நிறுத்து."

"என்னது?"

"எஞ்சினை நிறுத்துடா மொதல்ல. நிறுத்திட்டுப் பேசு."

படபடப்பு அடங்கியது. இப்போது அலைச் சத்தம் மட்டும் கேட்டது. "நிறுத்திட்டேன். யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. எஞ்சினுக்குக் கீழ கையை விட்டு நகத்தால அழுத்திப் பாரு."

பொன்னி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மறுபடி குரல் வந்தபோது அதில் மத்தியும் இல்லை, அண்டாவும் இல்லை. "அக்கா, நகம் இல்ல, விரலே உள்ள போவுது. ஓரத்துல தண்ணி கசியுது. நாங்க எறைச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். ஓட்டிக்கிட்டு வந்துடவா? வேகமா வந்தா கரை புடிச்சிடலாம்."

"எஞ்சினைத் தொடாதே. சூடு ஏற ஏற அடி அவுரும். நான் சொல்றதைக் கேளு. எறைக்கிறதை நிறுத்து. கடல் தண்ணியை மொண்டு உள்ள ஊத்து. எஞ்சின் மேடை முங்குற வரைக்கும் ஊத்து."

வாசலில் நின்ற கூட்டம் சலசலத்தது. "இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்று யாரோ சத்தமாகவே கேட்டார்கள். படகில் பிறந்து படகில் வளர்ந்தவனிடம் போய்ப் படகுக்குள் கடலை ஊற்று என்று சொன்னால் வேறென்ன கேட்பார்கள்?

"அக்கா, முங்கிடுவோம்க்கா" என்றான் மாசிலாமணி மெல்ல.

"முங்க மாட்டே. முன்னாடியும் பின்னாடியும் நுரை அடைச்ச அறை இருக்கு, நானே வச்சது. உள்ள தண்ணி நின்னாலும் படகு மெதக்கும். கடல் தண்ணி ரெண்டு வேலை செய்யும். சூட்டை எடுக்கும், புளிப்பை முறிக்கும். ரெண்டும் போச்சுன்னா முடிச்சு அதுக்கு மேல அவுராது. ஊத்து தம்பி."

"புளிப்பா? அக்கா, நான் காடிய..."

"பேச்சு அப்புறம்! காரணமெல்லாம் கரைக்கு வந்து பேசிக்கலாம். மொதல்ல ஊத்து!"

இரைச்சல். அவன் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ சொல்வது கேட்டது. ஒருவன் எதிர்த்துக் கத்துவதும் கேட்டது. பவளக்கொடி பொத்தானிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அவளை நம்ப ஒரு நியாயமும் இல்லை. இந்தப் படகை அவனுக்குக் கொடுத்தவளே அவள்தான். நல்லா இருக்கும்டா, நான் செஞ்சது என்று சொல்லிக் கொடுத்தாள்.

பிறகு, வயர்லெஸ் வழியாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. மொண்டு ஊற்றும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

"ஊத்துறோம்க்கா" என்றான் மாசிலாமணி.

பொன்னி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர்களை இழுத்துவந்து கரை சேர்க்க ஒரு படகு வேண்டும். எந்தப் புதுப் படகையும் அனுப்ப முடியாது. வைரக்கண்ணுவும் நாலு ஆட்களும் ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் போய், அந்தக் குவியலிலிருந்து அவருடைய பழைய ஃபைபர் படகை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த படகு. பெயின்ட் போயிருந்தது, பெயர் போயிருந்தது, அடி மட்டும் கல்லாக இருந்தது. வைரக்கண்ணு தன் புதுப் படகின் எஞ்சினைக் கழற்றி அதில் மாட்டினார். பவளக்கொடி அறையின் சன்னல் வழியாக அது கடலில் இறங்குவதைப் பார்த்தாள். இருபது வருடம் அவள் திட்டிக்கொண்டிருந்த பொருள் அவளுடைய தம்பியைக் கூட்டிவரப் போனது. அவள் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டாள், வாய்விட்டே.

அதற்குள் வயர்லெஸ் பேச ஆரம்பித்துவிட்டது.

"மணற்குப்பம், மணற்குப்பம். நாங்க வடக்கேருந்து, அன்னபட்சி படகு. நீங்க பேசினதைக் கேட்டோம். எங்களுதும் அதே ஃபைபருதான். நாங்களும் அழுத்திப் பாத்தோம். லேசாப் பதியுது."

அவள் எதிர்பார்த்ததுதான். "காடி ஊத்துவீங்களா?"

"காடி இல்லம்மா, புளித்தண்ணி. சொறிக்குத்தான்."

"எஞ்சினை நிறுத்துங்க. கடல் தண்ணியை உள்ள ஊத்துங்க." அவள் பொத்தானை விடாமல் தொடர்ந்தாள். "எல்லாப் படகுக்கும் சொல்றேன். நான் பவளக்கொடி, மணற்குப்பம். இந்த ஃபைபரைச் செஞ்சது நான்தான். இதுல ஒரு குறை இருக்கு. சூடும் புளிப்பும் சேந்தா அடி எளகும். சோதிச்சுப் பாக்காம விட்டது என் தப்பு. காடி, புளி, எலுமிச்சம்பழம், எது ஊத்தியிருந்தாலும் எஞ்சினை நிறுத்துங்க. உள்ள தண்ணி ஊத்துங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குங்க."

கோபிநாத் சொன்ன பெயர் இனி வந்துவிடும். வரட்டும். படகுகள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டன. அவள் ஒவ்வொன்றிடமும் அதே கேள்வியைக் கேட்டாள், இம்முறை ஊர்த்தமிழில். சிலர் காடி என்றார்கள், சிலர் எலுமிச்சை என்றார்கள். ஒருவர் மோர் என்றார்.

"நாங்க தெக்கேருந்து பேசுறோம், முத்துப்பல்லக்கு" என்றது வயதான ஒரு குரல். "எங்க பக்கம் சொறியே கெடையாதும்மா. புளிப்புன்னு ஒண்ணும் படகுல ஏத்தறதில்ல. எங்களுக்கு மீன் பாடு நல்லா இருக்கு. நாங்க போலாமா?"

"புளிப்பு எதுவுமே இல்லியே?"

"மீன் கொழம்புல இருக்கு. அதையும் வயித்துலதான் ஊத்துவோம்."

இந்தக் களேபரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப உங்களுக்குப் பயமில்ல ஐயா. நீங்க போலாம்."

அப்படி இன்னும் இரண்டு படகுகள் கேட்டன. அவற்றையும் போகச் சொன்னாள்.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் பழைய படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் மாசிலாமணியின் படகு, விளிம்புவரை தண்ணீரோடு, குளத்தில் தாழ்ந்து கிடக்கும் எருமையைப் போல அசைந்து அசைந்து வந்தது. நாலு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார்கள். கரையிலிருந்து ஆண்களும் பெண்களும் அலைக்குள் இறங்கிப் படகின் இரு பக்கத்தையும் பிடித்து, ஏலேலோ போட்டு இழுத்தார்கள். படகு மணலில் ஏறியது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்ததும் சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. படகு மேலே வந்துவிட்டது. எஞ்சின் மேடைக்குக் கீழே இருந்த அடிப்பக்கம் ஆள் நீளத்துக்குப் பிய்ந்து மணலிலேயே தங்கிவிட்டது. நனைந்த கோணிச்சாக்கு மாதிரி, இழை இழையாக.

இன்னும் கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடியிருந்தால் அது எங்கே கழன்றிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பொன்னி புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கி நாலு வார்த்தை திட்டிவிட்டு அவன் நெஞ்சிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

மாசிலாமணி அவளை அணைத்தபடியே அக்காவைப் பார்த்தான். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "மன்னிச்சுக்கடா" என்றாள்.

"விடுக்கா. ஊத்துன்னே, ஊத்தினேன். இதோ நிக்கிறேன்." அவன் கீழே கிடந்ததைக் காலால் தொட்டுப் பார்த்தான். "ஆனா ஒண்ணு புரியலக்கா. அப்பவே சொல்ல வந்தேன், நீ விடல. நான் காடி வைக்கிறதில்லியே."

"என்ன?"

"எனக்கு அந்த நாத்தம் கொமட்டும்னு உனக்குத் தெரியாதா? நான் கையுறை போட்டுக்கிட்டுதான் வலை இழுப்பேன். என் படகுல காடி ஏறினதே இல்ல. இவனுகளைக் கேளு."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

பவளக்கொடிக்குக் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. அவள் மண்டியிட்டு, கழன்று கிடந்த அடிப்பக்கத்தைப் புரட்டினாள். நடுவில் ஒரு கறுப்புத் தடம் ஓடியது. படகில் அந்தத் தடத்துக்கு நேர் மேலே எஞ்சினின் புகைக்குழாய் இருந்தது. தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்த குழாய் மூட்டில் இன்னும் கறுப்பாக ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. புகை குளிர்ந்து தண்ணீராகி, மூட்டு வழியே கசிந்து, எஞ்சின் சூட்டிலேயே மாதக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர். அவள் அதை விரலில் எடுத்து, எந்த ஆய்வகத்திலும் யாரும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தாள். நாக்கில் வைத்தாள்.

புளித்தது. பல் கூசுகிற மாதிரி புளித்தது.

"டீசல் எது போடுறே?"

"எல்லாரும் போடுறதுதான். போன வருஷத்துலேருந்து சங்கத்துல தாவர எண்ணெய் கலந்த கலப்பு டீசல்தானே தர்றாங்க. பாட்டரி எஞ்சின் வரும் வரும்னு சொல்லிட்டு இதைத் தலையில கட்டிட்டாங்க."

அவள் டீசலைச் சோதித்திருந்தாள். டீசலின் புகையைச் சோதிக்கவில்லை. வைரக்கண்ணுவின் படகிலும் நகம் பதிந்தது புகைக்குழாய்க்கு நேர் கீழேதான். காலையில் அவள் பார்த்தாள். ஆனால் காடி வாடை மூக்கில் ஏறியதும் மூளை அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஊரார்மேல் பழி போடுவதற்கு வசதியாக ஒரு காரணம் கிடைத்ததும் அடுத்த காரணத்தை அவள் தேடவே இல்லை. காடி சேர்ந்தால் சீக்கிரம் அவிழும், சேராவிட்டால் தாமதமாக அவிழும். அவிழாத படகு என்று ஒன்று கரையில் இல்லை.

நீங்க போலாம், என்று சொல்லியிருக்கிறாள். மூன்று படகுகளிடம்.

அவள் எழுந்து ஓடினாள். மணல் காலை வாரியது. விழுந்து எழுந்து மறுபடி ஓடினாள். பின்னால் வைரக்கண்ணு, "பாப்பா, என்னாச்சு?" என்று கத்தினார். அவள் திரும்பவில்லை. வயர்லெஸ் அறையில் மேசைமேல் அவளுடைய கைபேசி விட்டுவிட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது. கோபிநாத் எத்தனை முறை கூப்பிட்டாரோ. காலையில் ஒப்புக்கொண்ட தப்பையாவது ஊர் மன்னிக்கும். ஒரு நாளுக்குள் இரண்டாம் முறை வந்து, நான் சொன்னதே தப்பு என்று சொல்கிறவளின் பேச்சை இனி யார் கேட்பார்கள்? இந்த யோசனை வந்தது, வந்த வேகத்தில் போனது. அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"எல்லாப் படகும் கேளுங்க. பவளக்கொடி பேசுறேன். காலையில நான் சொன்னது தப்பு. காடி ஊத்தாதவங்களுக்குப் பயமில்லன்னு சொன்னேன். அது தப்பு. எஞ்சின் புகைத்தண்ணியே புளிப்பு. எல்லாப் படகும் எஞ்சினை நிறுத்துங்க. எல்லாரும் உள்ள தண்ணி ஊத்துங்க. முத்துப்பல்லக்கு, முத்துப்பல்லக்கு, கேக்குதா?"

இரைச்சல்.

"முத்துப்பல்லக்கு. உங்களைப் போகச் சொன்னது நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். எஞ்சினை நிறுத்துங்க ஐயா. முத்துப்பல்லக்கு!"

இரைச்சல் மட்டும். வாசலில் மாசிலாமணி ஈரத்தோடு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஊர் நின்றது. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே கூப்பிட்டாள்.

கரகரவென்று ஒரு சத்தம். ரொம்ப தூரத்திலிருந்து வருவது போல.

"முத்துப்பல்லக்கு பேசுறோம்." அதே வயதான குரல், மூச்சு வாங்கியது. அதன் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. "நிறுத்திட்டோம்மா. எளகித்தான் இருக்கு. ஊத்திக்கிட்டிருக்கோம். எங்களை விடு, நீ அடுத்த படகைக் கூப்பிடு."

பவளக்கொடி முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு அடுத்த படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.